கூடி வாழாத தேனீக்கள்: வாழப்பாடித் தோட்டத்தில் நான்கு நாள்!

சேலத்தில் ஆத்தூர் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் இருப்பவர் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "முத்துமலை முருகன் கோயிலுக்குங்களா?" என்பதுதான். புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்துக்கு நிற்கிறார் முருகன். மலேசியாவின் பத்துமலை முருகனைவிட 6 அடி கூடுதல். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து அந்தச் சாலையில் வேன்களுக்குக் குறைவில்லை.

"இல்லைங்க, வாழப்பாடிதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாழப்பாடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். இந்தப் பொங்கலுக்கு நான்கு நாள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது, ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் ஓர் உயிரை.

சேலத்துக்குக் கிழக்கே 30 கிலோமீட்டரில் இருக்கிறது வாழப்பாடி. ரயிலில் வந்தால் ஸ்டேஷனின் பெயர் 'வாழப்பாடி கேட்'. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் ஒரு மலை தெரியும், நடுவில் சமவெளி. பாக்குத் தோப்பு, தென்னை, மஞ்சள், தக்காளி, இவற்றுக்கு நடுவே காடு காடாக மரவள்ளி. மரவள்ளி என்று நாம்தான் சொல்கிறோம். ஊரில் அது குச்சிக்கிழங்கு. நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசிக்கும் இந்த மாவட்டத்துக்கும் நெருங்கிய சொந்தம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர், வாழப்பாடியிலிருந்து மினி பஸ்ஸில் கால் மணி நேரம். ஓட்டு வீடு, முன்னால் மண் வாசல், துளசி மாடம். பக்கவாட்டில் மாட்டுக் கொட்டாய். பின்னால் அரை ஏக்கரில் தக்காளியும் கத்தரியும். வேலியோரம் இரண்டு முருங்கை, ஓர் அவரைப் பந்தல்.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். துளசி கதிர் விட்டுப் பூத்திருந்தது. திடீரென்று 'ஞொய்ங்' என்று ஒரு சத்தம். வழக்கமான தேனீயின் ரீங்காரம் இல்லை. அதைவிட மெல்லிசு, சுருதி கூடின சத்தம். கறுத்த வயிற்றில் வரி வரியாக நீலம். வெயில் படும்போது மயில் கழுத்தில் மின்னுமே, அந்த நீலம். முதுகில் காவி நிற ரோமம், பெரிய பெரிய கண்கள். ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கிறது, நாக்கை நீட்டுகிறது, அரை நொடியில் அடுத்த பூ. அங்கிருந்து மாடத்துக்கு அந்தப் பக்கம். பத்து செகண்டில் துளசி முழுவதையும் முடித்துவிட்டுப் போய்விட்டது.

"தினமும் வரும் மாமா. போட்டோவுக்குத்தான் நிக்கவே நிக்காது" என்றாள் அக்கா மகள். ஒன்பதாம் வகுப்பு. கையில் அவள் அம்மாவின் செல்போன்.

அதற்குப் பெயர் நீல வரித் தேனீ. விஞ்ஞானிகள் அமெஜில்லா என்கிறார்கள். தமிழ்நாட்டில் துளசிச் செடி இருக்கும் வீடுகளில் முக்கால்வாசிக்கு இது வந்து போயிருக்கும். நாம்தான் 'ஏதோ வண்டு' என்று விட்டிருப்போம்.

தேனீ என்றதும் நமக்குக் கூடு, ராணி, ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள், தேன் பாட்டில் என்றுதான் நினைவுக்கு வரும். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ எல்லாம் அந்த ரகம். ஆனால், உலகத்தில் உள்ள தேனீ வகைகள் 20,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதே இல்லை. ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது, தேன் சேமிப்பும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாளாக வளை அமைத்து, மகரந்தம் சுமந்து வந்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போகும். பிள்ளைகள் வெளியே வரும்போது பெரும்பாலும் அம்மா உயிரோடு இருப்பதில்லை. இவற்றைத் தனித்தேனீக்கள் என்கிறார்கள்.

கொட்டுமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆணுக்கு இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் பெண் கொட்டலாம். ஆனால், காவல் காக்கத் தேனடையோ ராணியோ இல்லாததால், பக்கத்தில் போனாலே பாய்ந்து விரட்டும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம். மலைத்தேனீக் கூட்டுக்கும் கதண்டுக் கூட்டுக்கும் இந்தத் தைரியம் செல்லாது. அங்கே எட்டியே நிற்க வேண்டும்.

"எங்கே போகுது இது?" என்று நான் கேட்டதை அக்காவின் மாமியார் உள்ளே இருந்து கேட்டுவிட்டார்.

"கொட்டாய்ச் சொவத்துல குடியிருக்குது தம்பி. எங்க மாமியா காலத்துலேர்ந்தே இருக்குது."

மாட்டுக் கொட்டாயின் கிழக்குச் சுவர், மண் சுவர். ஓட்டுச் சரிவு மழை படாமல் காக்கிறது. காலை வெயில் நேராக விழுகிறது. அதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். நானும் அக்கா மகளும் எண்ணியதில் நாற்பதைத் தாண்டியது. பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். ஒரு தேனீ வந்தது, பின்னங்கால்களில் மஞ்சளாக மகரந்தம். சுவருக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆடியது. தன் ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்த ஓட்டையில் இன்னொன்று. பார்த்தால் அபார்ட்மென்ட் மாதிரிதான் இருக்கிறது: ஒரே சுவர், தனித்தனிக் கதவு, பக்கத்து வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது? வளையின் முடிவில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையின் உள்பக்கத்தையும் ஈரம் இறங்காமல் இருக்க மெழுகு போன்ற ஒரு பூச்சால் மெழுகுகிறது. மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து உள்ளே வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. பிறகு அறையை அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தக் கட்டுச்சோறுதான் எல்லாமே.

சுவரில் நீலப் புள்ளி வைத்த இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. அது வேலை எதுவும் செய்யவில்லை. ஓட்டை ஓட்டையாக எட்டிப் பார்த்தபடி இருந்தது. அதுதான் குயில் தேனீ. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல, நீல வரித் தேனீ வெளியே போன சமயம் பார்த்து அதன் அறையில் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே இருக்கும் கட்டுச்சோறு வந்த பிள்ளைக்குப் போய்விடும். சுவர் என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. கதை மெகா சீரியலுக்குக் குறைவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமா சொன்னார்: "பொங்கல் முடிஞ்சதும் அந்த மண் சுவரை இடிச்சிட்டு ஹாலோ பிளாக் வெக்கிறோம் மாப்ள. வாசலுக்கும் பேவர் பிளாக் சொல்லியாச்சு. மழை வந்தா ஒரே சேறு."

அவர் சொன்னதில் தப்பில்லை. மழைக்காலத்தில் அந்த வாசலில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மகள் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் போகி. சேலம் பக்கத்தில் அன்றைக்குக் காப்புக் கட்டாத வீடு இருக்காது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலவாசலிலும் கூரையிலும் கொட்டாயிலும் வயலிலும் செருக வேண்டும். வேப்பிலை வீட்டிலேயே இருந்தது. மற்ற இரண்டுக்கும் ஊருக்கு வெளியே கரட்டு அடிவாரத்துக்குப் போனோம். ஆவாரம் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. ஏழரை மணி, பனி இன்னும் விலகவில்லை.

அங்கேதான் கருவண்டைக் கேட்டேன். பார்த்தேன் என்று சொல்வதைவிடக் கேட்டேன் என்பதுதான் சரி. கட்டை விரல் பருமனுக்குக் கன்னங்கறுப்பு, இறக்கையில் ஊதா மினுக்கு. பறக்கும்போது கனமான 'பூம்ம்ம்'. பூவில் உட்கார்ந்ததும் சத்தம் மாறியது: 'ஸ்ஸ்ர்ர்' என்று செல்போன் வைப்ரேட் ஆவதுபோல. இறக்கை அசையவில்லை. ஆனால், பூ நடுங்கியது.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பை குழாய் மாதிரி இருக்கும்; நுனியில் சின்னத் துளை. ஹோட்டல் மேஜையில் மிளகுத்தூள் குப்பி இருக்கிறதே, அதே ஏற்பாடு. குலுக்கினால்தான் வரும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. மகரந்தம் பொலபொலவென்று வயிற்றில் கொட்டுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீல வரித் தேனீக்கும் தெரியும்.

இங்கேதான் விஷயம் சமையற்கட்டுக்குள் வருகிறது. ஆவாரையைப் போலவே நுனித் துளை வழியாக மகரந்தம் விடும் பூக்கள் வேறு எவை தெரியுமா? தக்காளி, கத்தரி, சுண்டைக்காய், தூதுவளை, மணத்தக்காளி. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காற்று ஆட்டினாலும் கொஞ்சம் காய்க்கும். ஆனால், குலுக்க ஓர் ஆள் வந்தால் நன்றாகக் காய்க்கும். முருங்கைப் பூவுக்கும் கருவண்டு முக்கியமான விருந்தாளி. அவரைப் பூ இன்னொரு ரகம்: அதன் அடி இதழ்கள் மூடிக்கொண்டிருக்கும், பாரமான தேனீ வந்து உட்கார்ந்தால்தான் இறங்கித் திறக்கும். வாழப்பாடித் தக்காளிக்குச் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் இந்தக் குலுக்கல்காரர்களுக்கும் பங்கு உண்டு, கூலிதான் கேட்பதில்லை.

கூலி கொடுத்து வாங்குகிற நாடுகளும் இருக்கின்றன. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்ப்பவர்கள் ஒரு காலத்தில் அதிரும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கொத்து பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980-களின் இறுதியிலிருந்து, பம்பிள்பீ என்ற ரோமத் தேனீயைப் பெட்டி பெட்டியாக விலைக்கு வாங்கி உள்ளே விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் அந்தத் தேனீ இல்லை. அதனால், அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இந்த வேலைக்குப் பரீட்சித்துப் பார்த்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம் துளசி மாடத்துக்கு வரும் நீல வரித் தேனீயின் சொந்தக்காரர்களைத்தான். நம் சமவெளியிலும் பம்பிள்பீ கிடையாது. இந்தியாவில் அது இமயமலைப் பக்கத்து ஆள். ஆகவே இங்கே கத்தரியைக் குலுக்க இவர்களை விட்டால் வேறு நல்ல ஆள் இல்லை.

இதைக் காப்புக் கட்டிக்கொண்டே மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், மதியம் கத்தரிக் காட்டில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பொங்கல் அன்று அக்காவின் முறை. தொட்டி ரோஜாவின் இலைகளில் யாரோ பஞ்சிங் மிஷின் வைத்து வெட்டியதுபோல அரை வட்டம் அரை வட்டமாகக் காணவில்லை. "புழுதாண்டா, மருந்தடிக்கணும்" என்றாள். புழு இவ்வளவு சுத்தமாக வெட்டாது. இது இலைவெட்டித் தேனீயின் கைவேலை. கையில் வாட்ச்சோடு உட்கார்ந்தோம். இலை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, தாடையைக் கத்தரிக்கோலாக்கி, தன்னையே சுற்றி ஒரு வெட்டு. சில நொடிகள்தான். துண்டு விழப்போகும் கணத்தில் இறக்கையை விரித்து, அதைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பறந்துவிட்டது. இலையை அது தின்பதில்லை. நீளத் துண்டுகளைச் சுருட்டித் தையல்காரர் விரல்கூடு மாதிரி ஒரு கிண்ணம் செய்யும். உள்ளே மகரந்தமும் முட்டையும் வைத்து, வட்டத் துண்டுகளால் மூடி போடும். இன்னொரு வேடிக்கை: மகரந்தத்தைக் காலில் சுமக்காமல் வயிற்றுக்கு அடியில் சுமக்கும். மஞ்சள் பூசிய வயிறோடு ஒரு தேனீயைப் பார்த்தால் அனேகமாக இந்தக் குடும்பம்தான்.

கிண்ணங்களை எங்கே அடுக்குகிறது என்று தேடினோம். மோட்டார் ரூமில், பயன்படுத்தாத பிளக் பாயின்ட்டின் துளையில்! மாமா டெஸ்டரால் குத்தப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். "அந்த பிளக்குல கரன்ட் கெடையாது. இருக்கட்டும் போ" என்றார்.

வரிசையில் உள்ளேயிருக்கும் அறைகளில் பெண் முட்டைகள், வாசலை ஒட்டி ஆண் முட்டைகள். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எதை எங்கே இடுவது என்பது அம்மாவின் முடிவு. ஆண்கள் முதலில் வெளியே வந்து, வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்திலேயே ஜன்னல் மூலையில் ஒரு குளவிக்கூடு. மண் உருண்டைகளால் கட்டியது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், அக்கா வீட்டிலும் சொல்கிறார்கள். 'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். புழுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது, சில வாரத்தில் உள்ளேயிருந்து குளவி வந்தது என்று யாரோ உட்கார்ந்து கவனித்ததால்தான் அந்தப் பழமொழியே பிறந்திருக்க வேண்டும். கவனிப்பு முழுக்கச் சரி. விளக்கம்தான் வேறு: கொட்டி மயக்கிய புழு, குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு. தேனீக்கள் குளவி வம்சத்திலிருந்து கிளைத்தவைதான். மாமிசத்தை விட்டு மகரந்தத்துக்கு மாறிய சைவக் கிளை என்று வைத்துக்கொள்ளலாம்.

குளவி என்றதும் வாழப்பாடிப் பக்கத்து விவசாயிகள் மரியாதையாகப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி இந்தியாவுக்குள் வந்து, குச்சிக்கிழங்குக் காடுகளைச் சுருட்டிப் போட்டது. மருந்துக்குச் சரியாக அடங்கவில்லை. அந்தப் பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குட்டிக் குளவி ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. எள்ளைவிடச் சிறியது. 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதே அதுதான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அந்தக் குளவியைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெருக்கி, 2022 மார்ச்சில் முதன்முதலாக வயலில் விட்டது. விட்ட இடம், வாழப்பாடியிலிருந்து பக்கம்தான்: ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். 146 அடி முருகனுக்கும் அந்த எள்ளளவுக் குளவிக்கும் ஒரே பஸ் ரூட்.

பொங்கல் சாயங்காலம் பார்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு அக்கா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவரைப் பந்தலின் ஓரத்தில் காய்ந்த கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மாலையில் பூக் கட்டியதுபோல வரிசையாகப் பதினோரு நீல வரித் தேனீக்கள். எல்லாம் ஆண்கள். பெண்களுக்குச் சுவரில் வீடு உண்டு. ஆண்களுக்கு வீடு கிடையாது. அதனால் இருட்டும் நேரத்தில் ஏதாவது ஒரு காய்ந்த குச்சிக்கு வந்து, அதைத் தாடையால் கவ்வி, கால்களை மடக்கிக்கொண்டு, வாயின் பிடியிலேயே தொங்கித் தூங்குகின்றன. இடம் கிடைக்காத ஒன்று வந்து இரண்டுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார, மற்ற இரண்டும் காலை உதறின. டவுன் பஸ் ஞாபகம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக அசைவு நின்றது.

அந்தக் கொடிக்கே மறுநாளும் வந்தன. காய்ந்த குச்சிகளைக் கண்டால் ஒடித்து அடுப்பில் போடும் அக்கா, அதை மட்டும் ஒடிக்கவில்லை.

பூச்சிகளை இப்படி உட்கார்ந்து பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒருவர் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ழான் ஹென்றி ஃபாபர். சாதாரணப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பணக்காரர் இல்லை. 1879-ல், தமது 55-வது வயதில்தான் சொந்தமாக ஒரு நிலம் வாங்க முடிந்தது. கல்லும் முள்ளும் மண்டிய தரிசு. அந்த ஊர் பாஷையில் அப்படிப்பட்ட நிலத்துக்கு 'ஹர்மாஸ்' என்று பெயர். அதையே வீட்டுக்கும் பெயராக வைத்துக்கொண்டார். உழவுக்கு லாயக்கில்லாத அந்த இடம் தனித்தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் சொர்க்கமாக இருந்தது. 91 வயதில், 1915-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். தொப்பியோடு வெயிலில் குனிந்து உட்கார்ந்தே பத்துத் தொகுதிகள் எழுதினார். நம் ஊரில் அவரை வாசலில் உட்காரவைத்தால், மண் வாசலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், தனித்தேனீக்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு மண்ணில்தான் வளை தோண்டுகின்றன. அக்கா வீட்டு வாசலிலேயே, கோலம் போடும் இடத்துக்கு அப்பால், எறும்புப் புற்று மாதிரி சின்னச் சின்ன மண் குவியல்கள் இருந்தன. நடுவில் ஓட்டை. குனிந்து பார்த்தால் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குட்டி முகம் நம்மைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறது. அரிசி அளவே உள்ள தேனீ. வியர்வைத் தேனீ என்ற குடும்பம். நம் கையில் வியர்வையை நக்க வருவதும் இவர்களில் சிலர்தான். பேவர் பிளாக் போட்டால் இவர்களுக்கு இடமில்லை. நகரத்தில் இது எப்போதோ முடிந்த கதை. சென்னையில் என் தெருவில் சுவர் முதல் சுவர் வரை சிமென்ட்; செடி வைப்பவர்களும் தொட்டியில்தான் வைக்கிறார்கள். பூ இருக்கிறது, குடியிருக்க மண் இல்லை. கிராமத்து வாசல்களும் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பெரிய செலவில்லை. துளசியைக் கதிர் கிள்ளாமல் ஒரு செடியாவது பூக்க விடுங்கள். மூன்றாவது மாடி பால்கனிக்குக்கூட நீல வரி வரும். தோட்டத்தில் நல்ல வெயில் படும் ஓர் அடி மண்ணை மூடாமல், கொத்தாமல் விட்டுவையுங்கள். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளை, ஓட்டை பென்சில் பருமனிலும் அதற்குக் கொஞ்சம் கீழேயும் மேலேயுமாக, பத்துப் பன்னிரண்டு சேர்த்துக் கட்டி, கிழக்குப் பார்த்து, மழை படாத இடத்தில் ஆடாமல் மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, காலியான பழைய துண்டுகளை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் உண்ணிகள் சேரும். தக்காளி, கத்தரிக்கு மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் காலையில் பூ விரிந்திருக்கும்போது வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். பார்க்க நல்ல நேரம், வெயில் ஏறிய காலை எட்டரையிலிருந்து பதினொன்று. தூங்கும் ஆண்களைப் பார்க்க, விளக்கு வைக்கும் நேரம்.

அக்கா மகள் ஏற்கெனவே வேலையில் இறங்கிவிட்டாள். நான்கு நாளில் ஒன்பது வகையை நோட்டில் எழுதியிருக்கிறாள். நிஜப் பெயர் தெரியாதவற்றுக்கு அவளே வைத்த பெயர்: 'தங்கப் பொட்டு', 'கண்ணாடிக்காரன்', 'ஆயா தேனீ'. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், மெதுவாகப் பறக்குமாம்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொட்டாயைச் சுத்தம் செய்து, சுவருக்குச் சாணி மெழுகினார்கள். அத்தை கிழக்குச் சுவரின் ஓட்டைகள் உள்ள பகுதிக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். "அங்க எப்பவும் மெழுகறதில்ல தம்பி. குடியிருக்கற வூட்டு வாசல அடைக்கலாமா?" என்றார். நாற்பது வருடமாக இப்படித்தானாம். மாமா பக்கத்தில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை நான் பையோடு வாசலில் நிற்கும்போது, கொத்தனார் அளவெடுக்க வந்தார். பேவர் பிளாக்கில் மாற்றமில்லை, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. துளசி மாடத்தைச் சுற்றி இரண்டடி மட்டும் மண்ணாகவே விடச் சொன்னார் மாமா. பிறகு கொட்டாய்ப் பக்கம் போய், கிழக்குச் சுவரில் கையை வைத்து, "இங்கேயிருந்து இதுவரைக்கும் நிக்கட்டும். மேல தகரம் போட்டுக்கலாம். மத்ததுக்கு ஹாலோ பிளாக்" என்றார்.

கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. "பாதி மண்ணு, பாதி கல்லுன்னா பாக்க நல்லாருக்காதுங்களே?"

"நாங்கதான பாக்கப் போறோம்" என்றார் அத்தை.